வடிகால் ஓட்டை இல்லாத படகு

ஏப்ரல் மழையில் ஆர்விட் சாண்ட்விக் ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்து கராஜுக்குள் ஏற்றினான். அன்றிலிருந்து வெர்லாவின் கார் வெளியே நின்று நனைந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹைட்ரோபிளேன் என்ற பந்தயப் படகுப் பைத்தியம் ஒன்றோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளுக்கு, எதற்கு வாயைத் திறக்கலாம், எதற்குத் திறந்தால் வாய்தான் வலிக்கும் என்பது நன்றாகவே தெரியும்.

சியாட்டலின் தெற்குக் கோடியில் பிறந்த ஆண்களுக்கு இந்தப் பைத்தியம் பால்பல்லோடு சேர்ந்து முளைப்பது. சின்ன வயதில் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பலகைப் படகைக் கயிறு போட்டுக் கட்டி, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு திரிவார்கள். என்ஜின் சத்தத்துக்கு அவரவர் வாய் இருக்கிறது. வளர்ந்ததும் ஆகஸ்ட் மாதம் ஏரிக்கரையில் போய் நின்று, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கிற நிஜப் படகுகளைப் பார்த்துத் தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். வயதானதும் எந்தக் கொட்டகையில் எந்தப் பழைய மரப்படகு குப்பையோடு கிடக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போய், அது இன்ன படகு என்று நிரூபித்து, இழைத்து, வர்ணம் பூசி, மறுபடியும் ஏரியில் விடுவார்கள். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஐம்பத்தெட்டாம் வருடத்துப் பந்தயத்தில் எந்தப் படகின் வாலுக்கு என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் தூக்கத்திலும் பதில் வரும்.

இவர்கள் சந்தித்தால் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை. 'தக்கை போட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். பந்தயப் படகின் பின்பக்கத்தில் அடியோரமாக ஒரு வடிகால் ஓட்டை இருக்கும். கரையேறியதும் உள்ளே புகுந்த தண்ணீர் அதன் வழியாக வடியும். மறுபடி இறக்கும்போது தக்கையால் அடைக்க வேண்டும். அடைக்க மறந்து, கைதட்டிக்கொண்டிருந்த ஊர் கண்ணெதிரில் மூழ்கிப்போன மகான்கள் இந்தக் கூட்டத்தில் பல பேர். அதனால் கல்யாண வீட்டிலும் அதே கேள்விதான். துக்க வீட்டிலும் அதே கேள்விதான்.

ஆர்விட்டுக்கு ஒரு குறை. வாலிப வயதிலிருந்து எத்தனையோ பந்தயக் குழுக்களில் ஸ்பானர் பிடித்தவன் அவன். ஒருமுறைகூட ஓட்டியதில்லை. ஒரு வருடம் உடம்பு கனம் என்றார்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு போய் நின்றபோது முதலாளியின் மருமகன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த வருடம் பார்க்கலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. பழைய படகுக்காரர்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. படகைக் கண்டுபிடித்தவனுக்கே முதல் ஓட்டம். இத்தனை காலம் அவன் கண்ணில் ஒரு படகும் படவில்லை. ஒரு முறை பட்டது, அது குதிரைத் தண்ணித்தொட்டி. அந்தக் கதையைச் சங்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்போது கராஜில் இருந்தது, மலைக்கு அந்தப்பக்கம் காய்ந்த சீமையில், ஒரு விவசாயியின் கொட்டகையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த படகு. கோழிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம் விவசாயி. ஆர்விட் படகை மட்டும் எடுத்துக்கொண்டான். ஆனாலும் ஒரு கோழி தெரியாமல் ஏறிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு வெர்லா சோறு போட்டாள்.

மறுநாளே வென்டல் க்ரூப் வந்தார். பழைய சோபா, பழைய கடிகாரம் ஏலம் விட்டுப் பிழைத்த மனிதர். எந்தப் படகு எது என்று அடையாளம் சொல்வதில் சங்கத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். வாயில் டார்ச் விளக்கைக் கவ்விக்கொண்டு, மரத்தோடு மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பார். கூடவே பெட்ரோனி வந்தார். மீன்பிடிப் படகுகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். வென்டல் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது அவருடைய பொறுப்பு.

அடையாளம் காண்பது இப்படித்தான். படகு கைமாறும்போதெல்லாம் புது முதலாளி புது வர்ணம் பூசுவான். அதனால் ஒரு காசு அளவு இடத்தை உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போனால், வெங்காயத்தை உரித்த மாதிரி ஒவ்வொரு காலமும் வட்ட வட்டமாக வெளியே வரும். மேலே வெள்ளை. அதற்குக் கீழே சிவப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை. பச்சையைப் பார்த்ததும் வென்டல் வாயிலிருந்து டார்ச் விழுந்தது.

"ஆர்விட், இது டெவில்டா," என்றார்.

கிரீன் டெவில். அந்த ஏரியில் ஓடிய படகுகளிலேயே பேர் போன பச்சைப் பிசாசு. அறுபத்தொன்றாம் வருடம், பந்தய வழியைக் காட்டும் மிதவைக் குறியில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டு, பிறகு யாரோ வாங்கிப் போய், எங்கே போனது என்றே தெரியாமல் மறைந்துவிட்டது. அதைத் தேடாதவர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் பிசாசாகவே தெரிந்தது. படகைத் தாங்கும் இடதுபக்க முன் மிதவை நசுங்கியிருந்தது. மோதிய அடி, வேறென்ன? மேல்தளத்தின் நடுவில் கைத்தடி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. என்ஜின் வெடித்து உள்ளேயிருந்த இரும்புத் தண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்த இடம் என்றார் வென்டல். ஓட்டையைச் சுற்றி அழகாக இழைத்து வைத்திருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. மூக்கில் நீளவாக்கில் ஒரு பிளவு. ஓட்டுகிறவனின் கால் சூடாகாமலிருக்கக் காற்றுப் போகும் வழி. மேல்தளத்தில் இரண்டு சட்டங்கள் அறைந்திருந்தன. அது எதற்கு என்று தெரியவில்லை. அதனால் வென்டல் அதை ரகசிய வடிவமைப்பு என்றார். ஆணிகள் வேலி அடிக்கிற ஆணிகளாக இருந்தன. கட்டியவன் கையில் அந்த வருடம் காசில்லை. அடியில் துருப்பிடித்த அச்சு ஒன்று தொங்கியது. பின்னால் வந்தவன் வைக்கோல் வண்டியாக்கியிருப்பான். பெட்ரோனி தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டு போனார்.

வெர்லா அப்போது கராஜ் வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவளுக்கு எங்கேயோ என்னவோ செய்தது. பச்சை எத்தனையோ இருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளைப் பிடித்தது வாசனைதான். மே மாதத்தில் ஆர்விட் கோழி எச்சத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, படகு முழுவதையும் வெந்நீர் ஊற்றிக் கழுவினான். மரம் நனைந்ததும் கராஜிலிருந்து கிளம்பிய வாசனை சமையலறைவரை வந்தது. வினிகர்க் காடி. பூண்டு. சோயிக்கீரை. சுத்தமான வெள்ளரிக்காய் ஊறுகாய் வாசனை.

ஆர்விட் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான். வென்டலுக்குப் போன் செய்து கேட்டுவிட்டானாம். அந்தக் காலத்தில் வேகத்துக்காக எரிபொருளில் என்னென்னவோ ரகசியமாகக் கலப்பார்களாம். பிசாசு அப்படி ஓடியதன் சூட்சுமம் இப்போதுதான் தெரிந்ததாம். காடி!

வெர்லா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவன் வெளியே போன பிறகு கராஜுக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூல் போட்டு மேல்தளத்தில் ஏறினாள். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் காலை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. ராணியின் உயர்குதிச் செருப்பு வழுக்காமலிருக்க அவள் அப்பாவே அறைந்த சட்டங்கள் அவை.

விஷயம் இதுதான். வெர்லா பிறந்தது மலைக்கு அந்தப்பக்கம் கில்மோர் என்ற ஊரில். அங்கே விளைவது வெள்ளரி. இருந்த ஒரே ஆலை ஊறுகாய் ஆலை. வருடந்தோறும் ஊறுகாய்த் திருவிழா, ஊர்வலம், ஊறுகாய் ராணி. அறுபத்திரண்டாம் வருடத்து ராணி அவள்தான். எல்லாரும் ஹைட்ரோபிளேன் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் என்பதால், ஆலைக்காரர்கள் அந்த வருடம் அலங்கார வண்டியைப் பந்தயப் படகு மாதிரியே செய்து பச்சை வர்ணம் அடித்தார்கள். மேல்தளத்து ஓட்டையில் ஒரு கம்பம், ராணி பிடித்துக்கொள்ள. பக்கத்தில் ஒரு பீப்பாய் ஊறுகாய், ராணி கூட்டத்துக்கு எடுத்து வீச. அந்தப் பீப்பாய் வழி நெடுக வழிந்துகொண்டேயிருந்தது. மூக்குக்குள், வெளியே தெரியாமல், டுவைட் என்ற ஆலைத் தொழிலாளி குப்புறப் படுத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான். அவனுக்குப் பிளவு வழியாக ஒரு முழம் சாலைதான் தெரியும். மேலே ராணி வலது குதியைத் தட்டினால் வலது, இடது குதியைத் தட்டினால் இடது, இரண்டையும் சேர்த்துத் தட்டினால் நிறுத்தம்.

பாதி ஊர்வலத்தில் ஒரு தேனீ ராணியின் சட்டைக்குள் புகுந்தது.

அவள் குதித்த குதியில் டுவைட் என்னென்ன உத்தரவைப் புரிந்துகொண்டானோ, கடவுளுக்கே வெளிச்சம். வண்டி வலதுபக்கம் போய், இடதுபக்கம் போய், மாதா கோயில் பெண்கள் பழப் பணியாரம் விற்றுக்கொண்டிருந்த மேசையைத் தூக்கி வீசிவிட்டு, பாண்டு மேடையில் முட்டி நின்றது. டியூபா என்ற பெரிய ஊதுகொம்பை வாசித்தவர் டியூபாவோடு நீரூற்றுக்குள் குதித்தார். கிரீடம் அன்றைக்கே வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அவள் தலையில் பணியாரத்து ஆப்பிள் துண்டோடு வீடு திரும்பினாள். மழைக்காலம் வருவதற்குள் பஸ் ஏறி சியாட்டலுக்கு வந்து டைப்பிங் பள்ளியில் சேர்ந்தாள். கில்மோர் என்ற பேரையே அப்புறம் அவள் எடுத்ததில்லை. கட்டின கணவனிடம்கூட.

இப்போது அந்த ஊறுகாய் வண்டி அவள் கராஜில் நின்றது. அதை ஏரியில் இறக்கி ஓட்டப்போகிறான் அவள் கணவன்.

சிரிக்கிற விஷயமாக மட்டும் இருந்திருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு லாரி வந்து, பழைய போர் விமான என்ஜின் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. கராஜையே அடைத்துக்கொண்டு நின்றது அது. அந்த இரும்பு மலையை வேலி ஆணி அடித்த பலகையில் வைத்து, மணிக்கு நூறு மைல் வேகத்தில் ஆர்விட் போகப்போகிறான். நீச்சல் என்றால் குளியல் தொட்டியோடு சரி அவனுக்கு. ஏரியின் நடுவில் பலகைகள் தனித்தனியாகப் பிரிந்து போவதையும், அவன் தொப்பி மட்டும் மிதப்பதையும் வெர்லா பட்டப்பகலிலேயே பார்த்தாள். பயம் அவளைத் தின்றது.

முதலில் சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். காபி கொடுக்கப் போகிற சாக்கில் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, வடிகால் ஓட்டையைக் காணோமே என்றாள். மூன்று பேரும் வந்து குனிந்து பார்த்தார்கள். இத்தனை மாதம் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்த வென்டலின் கண்ணில் அந்த இல்லாத ஓட்டை படவேயில்லை. தண்ணீருக்குள் போகிற எண்ணமே இல்லாத வண்டிக்கு வடிகால் எதற்கு என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. கோழிக்காரன் அடைத்திருப்பான் என்றார் வென்டல். அடைத்த தடம் இல்லையே என்றாள் வெர்லா. நல்ல தச்சனாக இருந்திருப்பான் என்றார் பெட்ரோனி. அன்று மாலையே ஆர்விட் புதிதாக ஒரு ஓட்டை போட்டான்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நேராகவே சொல்லிவிட உட்கார்ந்தாள். ஆர்விட் பாடிக்கொண்டே வந்தான். முகத்தை மழித்திருந்தான். ஹெல்மெட் வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டே சூப் குடித்தான். "என்ன, ஏதோ சொல்ல வந்தியே?" என்று கேட்டான். உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்?

ஜூலைக் கடைசியில் பெயர் வைக்கும் சடங்கு வந்தது. வர்ணம் பூசிப் படகின் பெயரை எழுதுவதற்கு முன்னால், அந்தப் படகை உயிரோடு பார்த்தவர்களையெல்லாம் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் படகின் மேல் கையை வைத்து, எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். யாருக்காவது மறுப்பு இருந்தால் பீர் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பீர் படகின் மூக்கில் ஊற்றப்பட்டுவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் பெயர் மாறாது. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரும் மறுத்ததில்லை. பீர் சூடாகிவிடும் என்ற பயம்.

சங்கத்தார் எல்லாரும் கராஜுக்கு முன்னால் கூடினார்கள். வெயில் இன்னும் இருந்தது. ஒருவர் பிசாசை மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன் என்றார். ஒருவர் வாலை வைத்தே அடையாளம் சொல்வேன் என்றார். பெட்ரோனி ஒரு படி மேலே போய், என்ஜின் தண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து தன் அம்மா வைத்திருந்த உருளைக்கிழங்கு சாலட்டில் விழுந்தது என்று சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கு அது நினைவுக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆர்விட் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

வென்டல் பீர் டப்பாவைக் கையில் எடுத்து, மறுப்பு உண்டா என்று வழக்கப்படி கேட்டார். விரல் ஏற்கெனவே மூடியில் இருந்தது.

வெர்லா புகைபோட்ட சால்மன் மீன் தட்டை மேசையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"சாப்பாடு அப்புறம் ஆகட்டும் வெர்லா," என்றார் வென்டல்.

"சாப்பாடு இல்ல வென்டல். இது டெவில் இல்ல. இது ஊறுகா வண்டி. நான் இதுமேல நின்னு ஊர்வலம் போயிருக்கேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். தேனீயைச் சொன்னாள், பணியார மேசையைச் சொன்னாள், டியூபாக்காரரைச் சொன்னாள். சொல்லும்போது அவள் ஆர்விட்டைப் பார்க்கவேயில்லை, கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கூட்டத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். வென்டல் மரியாதையாகத்தான் பேசினார். பெண்களுக்கு வயதானால் நினைவு ஒன்றோடொன்று கலந்துவிடும் என்றார். இங்கே ஆதாரம் இருக்கிறது என்றார்.

நினைவு கலந்துவிடும் என்ற பேச்சில்தான் வெர்லாவுக்குச் சுருக்கென்றது. சுவரோரம் சாய்ந்திருந்த துடைப்பத்தை எடுத்தாள். ஸ்டூலில் ஏறி, மேல்தளத்தில் ஏறினாள். துடைப்பக்கட்டையை ஓட்டைக்குள் இறக்கினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. சட்டங்களுக்கு நடுவில் காலை வைத்து, இடதுகையால் துடைப்பத்தைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, வலதுகையை மணிக்கட்டிலிருந்து மட்டும் மெதுவாக ஆட்டினாள். ராணிகள் ஆட்டுகிற மாதிரி. சிரிப்பு நின்றுவிட்டது.

"துடைப்பக்கட்டை எந்த ஓட்டையிலயும்தான் நிக்கும்," என்றார் வென்டல். குரலில் பழைய கனம் இல்லை.

"சரி. வலதுபக்கம் நடுவுல, சிவப்புக்குக் கீழ தேச்சுப் பாருங்க. ஒரு வெள்ளரிக்கா இருக்கும். ஹெல்மெட் போட்டிருக்கும். பல்லைக் காட்டிச் சிரிக்கும்."

ஆர்விட்தான் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தான். பேச்சை நம்பாதே, வர்ணத்தை நம்பு என்று ஆயுள் முழுக்கச் சொன்னவன் அவன். தேய்த்தான். வெள்ளை போயிற்று. சிவப்பு போயிற்று. பச்சைக்கு நடுவில் ஒரு பல் தெரிந்தது. பிறகு பக்கத்தில் இன்னொரு பல். அவன் நிறுத்தாமல் தேய்த்தான். முழு வரிசைப் பல்லும் வந்தது, மேலே ஒரு கண் வந்து சிமிட்டியது, அதற்கும் மேலே ஹெல்மெட்டின் வார்.

பெட்ரோனி கடைசி முயற்சியாக, பிசாசுக்கு ஊறுகாய்க் கம்பெனி பணம் கொடுத்திருக்கலாமே என்றார். வென்டல் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தீர்ப்பு அதுதான். அந்த பீரை யாரும் எதன் மேலும் ஊற்றவில்லை. ஆளுக்கொரு மிடறு குடித்துவிட்டு, துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். ஒருவர் மட்டும் வாய் தவறி 'தக்கை போட்டாச்சா' என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆர்விட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அந்தச் சிரிக்கிற வெள்ளரிக்காய்க்கு நேரெதிரே உட்கார்ந்தான்.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"டியூபாக்காரர ஊத்துக்குள்ள தள்ளினவள்னு தெரிஞ்சா நீ கட்டிப்பியா?"

"தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமா கட்டியிருப்பேன்," என்றான்.

சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது அழுகையாகிவிட்டது. கனத்த மனிதன், உப்புத்தாள் பிடித்த கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் பச்சைப் பொடியாக்கிக்கொண்டான். "ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்னு இருந்தேன் வெர்லா," என்றான். அவன் உயிரைக் காப்பாற்றியாயிற்று என்ற நிம்மதி வெர்லாவுக்கு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. அவளுக்கும் தாங்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு குனிந்து, படகின் மூக்கை ஒரு தட்டுத் தட்டினாள். வென்டல் காற்றுப் போகும் வழி என்று சொன்ன பிளவை ஒட்டிய பலகை ஒரு கதவாகத் திறந்தது.

"இதுக்குள்ளதான் டுவைட் படுத்திருந்தான்," என்றாள்.

"எதுக்கு?"

"ஓட்டறதுக்கு."

ஆர்விட் மூக்கைச் சிந்திவிட்டு, எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

பழைய படகு ஒன்றைப் புதுப்பித்தால் அதன் உச்சமான நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் நிறுத்த வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. ஊறுகாய் வண்டி என்றால் மட்டும் கொள்கை மாறிவிடுமா? லாரிக்காரர் வந்து விமான என்ஜினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அந்த இடத்தில் புல்வெட்டும் வண்டியின் என்ஜின் ஏறியது. துரு அச்சுக்குப் புதுச் சக்கரம் வந்தது. இதில் எல்லாரையும் மிஞ்சியவர் வென்டல்தான். மூக்குடைந்த மனிதர் ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கையில் ஒரு வெள்ளரிக்காயோடு வந்து, தோல் பச்சைக்கும் ஊறின பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஆர்விட்டோடு சண்டை பிடித்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் ஊறுகாய் வண்டி அடையாளத்தில் உலகத்திலேயே பெரிய நிபுணர் ஆகிவிட்டார். வேறு நிபுணர் இல்லாதது வசதியாகப் போயிற்று. நசுங்கின மிதவையைச் சரிசெய்யக் கூடாது, அது சரித்திரம் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவர்தான்.

செப்டம்பரில் கில்மோருக்குப் போனார்கள். ஊர் மறந்திருக்கவில்லை. மறந்தால்தானே? ஊர்வலத்தில் அவர்களுக்குக் கடைசி இடம் கொடுத்து, முன்னால் போகிற பாண்டுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு தெரு நீளத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். மாதா கோயில் பெண்கள் பணியார மேசையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு டிராக்டரையும் நிறுத்தியிருந்தார்கள். அறுபத்திரண்டில் கிரீடத்தை வாங்கிக்கொண்ட லூயெல்லா, ஊன்றுகோலோடு வந்து, ரொட்டிப் பையிலிருந்து அதை எடுத்து வெர்லாவின் தலையில் வைத்தாள்.

"மிச்சத் தூரத்த முடிச்சுட்டுக் குடு," என்றாள். "எனக்குத் திரும்ப வேணும்."

ஆர்விட் ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு மூக்குக்குள் குப்புறப் படுத்தான். வயிறு கதவில் சிக்கிக்கொண்டது. வென்டலும் பெட்ரோனியும் சேர்ந்து காலைப் பிடித்துத் தள்ளி உள்ளே அனுப்பினார்கள். உள்ளே காடி வாசனை கண்ணைக் கரித்ததாம்.

வெர்லா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, "தக்கை போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு," என்று மூக்கிலிருந்து பதில் வந்தது. போட்டும் இருந்தான்.

வலது குதி, வண்டி கிளம்பி வலதுபக்கம் திரும்பியது. இடது குதி, நேரானது. நடந்து போகிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பிக் கைதட்டினார்கள். வெர்லா மணிக்கட்டை ஆட்டினாள், பீப்பாயில் கையை விட்டு ஊறுகாய் எடுத்து வீசினாள். பணியார மேசைக்கு நேரே வரும்போது, நம்பினால் நம்புங்கள், ஒரு தேனீ வந்தது. கிரீடத்தில் உட்கார்ந்தது. காதோரமாக இறங்கிக் கழுத்துக்கு வந்து, யோசித்து, சட்டைக்குள் போயிற்று. கோயில் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு பேர் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெர்லா குதியை அசைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, படகின் பக்கத்திலிருந்த வெள்ளரிக்காய் மாதிரியே சிரித்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினாள். தோள்பட்டைக்குக் கீழே அது கொட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கூட்டம் அதைப் பெருமிதக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

பாண்டு மேடையைத் தாண்டி, தபால் நிலையத்தைத் தாண்டி, ஊர்வலம் முடிகிற இடத்தில் சாலைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. வண்டி அதைக் கடந்தது. அவள் இரண்டு குதியையும் சேர்த்துத் தட்டினாள். நின்றது.

"வெர்லா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "எத்தனாவதா வந்தோம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் போன பாண்டு எப்போதோ மூலை திரும்பிப் போய்விட்டிருந்தது. காலிச் சாலை, தூரத்தில் வெள்ளரி வயல்.

"முன்னாடி கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒருத்தரும் இல்ல ஆர்வி," என்றாள்.

புல்வெட்டி என்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. ஆனாலும் என்ஜின் சத்தம் நிற்கவில்லை. வெர்லா குனிந்து காதை வைத்துக் கேட்டாள். மூக்குக்குள் அவள் கணவன் கண்ணை மூடிக்கொண்டு, வாயாலேயே இன்னும் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டிருந்தான்.